ஸ்மார்ட் போர்டு வந்தும் பசங்க தூங்குறாங்க, மீதி ரெண்டு லட்சத்தை எதுல போடலாம்?

டீச்சர், நீங்க கேட்டதை நான் எப்படிப் புரிஞ்சுக்கிட்டேன்னு முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. உதவிபெறும் நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைங்க, 20க்கு 20 அடி ரூம். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு பெரிய ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தாங்க, முதல் மாசம் பசங்க கண்ணை எடுக்காம பாத்தாங்க, இப்ப வீடியோ போட்டாலே பின்னாடி தலை சாயுது. கையில இன்னும் ரெண்டு லட்சம் இருக்கு, எச்.எம். உங்ககிட்ட திட்டம் கேக்குறார், ப வடிவ இருக்கையா, கலர் டேபிளா, சுவர் ஓவியமா, டேப்லெட்டா எதுக்குப் போகலாம்னு கேக்குறீங்க. ஆனா கடைசி வரியில "கிளாஸ்ல ஜாலியா இருக்காங்க, மறுநாள் கேட்டா ஒண்ணும் நிக்கல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உங்க நிஜக் கேள்வி அதுதான். வாங்குற சாமான் பட்டியல் அதுக்கு அப்புறம்தான்.

நான் 11 வருஷம் ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியலும் கணக்கும் எடுத்தேன். அப்புறம் 9 வருஷம் பி.ஆர்.சி.யில, அதான் வட்டார வள மையத்துல, ஆசிரியர் பயிற்றுநர், அதாவது வாரத்துல நாலு நாள் அடுத்தவங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்குற வேலை. பதினொண்ணு பன்னெண்டு நான் எடுத்ததில்ல, அந்த டீச்சருங்க இதை அப்படியே எடுத்துக்க வேணாம்.

கடைசி பெஞ்சுல உக்காந்தா ஒண்ணு நல்லாத் தெரியும். கண்ணு போர்டுல இருக்கறது வேற, மண்டை பாடத்துல இருக்கறது வேற. ஒரு பள்ளியில இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு அருமையான முப்பரிமாண வீடியோ, பசங்க வாயைப் பொளந்து பாக்குறாங்க, டீச்சருக்குப் பெருமை தாங்கல. முடிஞ்சதும் நான் பக்கத்துல இருந்த பையன்கிட்ட "நுரையீரல்ல இருந்து வர்ற ரத்தம் இதயத்துல எந்தப் பக்கம் போகுது?"ன்னு கேட்டேன், "சார் அது துடிச்சுது சார்"னான். அவன் பொய் சொல்லல, அவனுக்குக் கிடைச்சது அவ்வளவுதான். புதுசா ஒரு சாமான் வந்தா ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆர்வம் இருக்கும், அது சாமானோட பளபளப்புக்கு வர்ற ஆர்வம், பாடத்துக்கு இல்ல. உங்க போர்டுக்கு இப்ப அந்தப் பளபளப்பு தீந்துபோச்சு, அவ்வளவுதான் விஷயம், உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல.

இதுல ஆராய்ச்சி உறுதியாச் சொல்ற ஒரு சங்கதி உண்டு. 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல கல்லூரிப் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, ஒரு கூட்டம் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவை படிச்சிட்டு புத்தகத்தை மூடி ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பாத்தவங்க முன்னாடி. உங்க கிளாஸ்ல நடக்குறது கிட்டத்தட்ட இதேதான், பாக்குறப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும், மறுநாள் காலி. அதனால வீடியோவை நிறுத்தச் சொல்லல, 40 செகண்டுக்கு ஒருதரம் பாஸ் பண்ணுங்க, சத்தத்தை மியூட் பண்ணி ஓட்டி "இங்க என்ன நடக்குது, ரெண்டு வரி எழுது"ன்னு சொல்லுங்க, அப்புறம் சத்தத்தோட போடுங்க. இதுக்கு ஒரு பைசா செலவில்ல, நாளைக்கே செய்யலாம்.

இப்ப ரூமுக்கு வர்றேன். மாடர்ன் கிளாஸ்ரூம்னா எல்லாரும் வெளிநாட்டுப் படத்தைக் காட்டுறாங்க, நம்ம ஊர்லயே ஒண்ணு நடந்துச்சு, ஜனங்க மறந்துட்டாங்க. செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல். ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி பள்ளிக்காரங்க சுத்துப்பட்டு கிராமத்துப் பள்ளிகளுக்காக உருவாக்கின முறை, அதைப் பாத்துட்டு வந்து 2003 வாக்குல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சாங்க, அப்ப மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். தான் முன்னின்னு செஞ்சார். 2007-08ல தமிழ்நாடு முழுக்க 37 ஆயிரத்துக்கும் மேல தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிடுச்சு. அட்டை, பாடத்தைப் படிப்படியா காட்டுற ஏணிப்படி, ட்ரே, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஒரு சின்னம், பிள்ளை தானே அட்டையை எடுத்துட்டுப் போய் குழுவுல உக்காரும், தான் எந்தப் படியில நிக்கிறோம்னு அதுக்கே தெரியும். இதெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. எனக்கு அதுல பிடிச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சுவரைச் சுத்தி கீழ் மட்டத்துல அடிச்ச கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் கோடு போட்டு ஒரு துண்டு, அது பேரை எழுதி. இன்னொண்ணு, தலைக்கு மேல கம்பி கட்டி பிள்ளைங்க வரைஞ்சதைத் தொங்கவிடற பந்தல்.

அந்தக் கீழ்ப்பலகை ஏன் பெரிய விஷயம்னா, அதுவரைக்கும் போர்டுன்னா அது வாத்தியார் சொத்து, வாத்தியார் உயரத்துல இருக்கும், பிள்ளை அங்க போச்சுன்னா ஒண்ணு பாராட்டு வாங்கப் போகும் இல்ல அடி வாங்கப் போகும். இது பிள்ளையோட முட்டி உயரத்துல இறங்கி வந்துச்சு. ஒரே நேரத்துல எல்லாப் பிள்ளையும் எழுதுது, டீச்சர் ரூம் நடுவுல நின்னு ஒரு சுத்து திரும்பினா போதும், யாருக்கு கடன் வாங்கிக் கழிக்கிறது வரல, யார் ஒற்றெழுத்தை முழுங்குறாங்க, அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். தப்பா எழுதினா கையால அழிச்சிட்டு மறுபடி எழுதும், நோட்டுல அடிச்சு எழுதற அசிங்கம் கிடையாது. நான் பாத்த கிளாஸ்ரூம் டெக்னாலஜியிலயே இதுக்கு மிஞ்சினது வரலைன்னு இன்னிக்கும் சொல்வேன், கரண்ட் வேணாம், அப்டேட் வேணாம்.

ஏ.பி.எல்.லைத் தூக்கி வச்சுக் கொண்டாடறேன்னு நினைக்காதீங்க. அட்டை கிழிஞ்சா மாத்து அட்டை வர லேட்டாகும், ஒரே ரூம்ல நாலு வகுப்பு ஆறு குழுன்னு ஓடி ஓடி டீச்சருங்க நொந்துபோனாங்க, புத்தகம் எங்க ஹோம்வொர்க் எங்கன்னு பெத்தவங்க சண்டை, அப்புறம் அதை எளிமைப்படுத்தினாங்க, 2022ல ஒண்ணு முதல் மூணாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு, கத்துக்கிட்ட மட்டத்தை வச்சு அரும்பு மொட்டு மலர்னு பிள்ளைங்களைப் பிரிக்கிற யோசனை அதோட நீட்சிதான். ஆனா பல பள்ளியில பெயின்ட் அடிக்கிறப்ப அந்தக் கீழ்ப்பலகையையும் சேத்து அடிச்சு மறைச்சிட்டாங்க, அதுதான் எனக்கு ஆத்திரம். ஏழாம் வகுப்புப் பிள்ளை தரையில உக்காராது, அதனால நீங்க இடுப்புல இருந்து தலை உயரம் வரைக்கும் மூணு சுவர்லயும் கரும்பலகை பெயின்ட் அடிங்க, இல்லன்னா வெள்ளை போர்டு ஷீட் ஒட்டுங்க, ரோல் நம்பர் போட்டுப் பிரிங்க. என் பட்டியல்ல முதல் செலவு இது, ரெண்டு லட்சத்துல ஒரு ஓரம்தான் கரையும்.

அடுத்து ப வடிவம். 2025 ஜூலையில நம்ம பள்ளிக்கல்வித் துறை இதைப் பத்தி அறிவுறுத்தல் அனுப்பி, ஒரு மலையாளப் படத்துக் காட்சியில இருந்து கிளம்பின பேச்சு அது, கழுத்து வலிக்கும் இடம் பத்தாதுன்னு நாலா பக்கமும் எதிர்ப்பு வந்து கொஞ்ச நாள்லயே நிறுத்தி வச்சாங்க, ஞாபகம் இருக்கும். ரெண்டு பக்கமும் பேசினவங்க டேப் எடுத்து ரூமை அளந்தாங்களான்னு எனக்குச் சந்தேகம். நீங்க அளந்து பாருங்க. பக்கச் சுவர் 20 அடி, போர்டுகிட்ட அஞ்சடி விட்டாகணும், ரெண்டு பக்கமும் சேத்து 30 அடி. பின்சுவர் 20 அடியில ரெண்டு மூலையிலயும் பெஞ்சு அகலம் மூணு மூணு அடி போச்சுன்னா 14. மொத்தம் 44, கதவுக்கு மூணடி கழிச்சா 41. ஒரு பிள்ளைக்கு ரெண்டடின்னு வச்சா 20 பேர். உங்ககிட்ட 38 பேர். மீதி 18 பேருக்கு உள்ளுக்குள்ள இன்னொரு ப போடணும், அப்போ சுவரோரம் இருக்கறவன் மறுபடி பின்பெஞ்சு ஆயிட்டான். 20 பிள்ளை இருக்கிற பள்ளிக்கு ப வடிவம் கனகச்சிதம், உங்களுக்கு இல்ல.

வடிவம் வேலை செய்யுமா செய்யாதாங்கறதுக்கு நேரடி பதில், எந்த வேலைக்குங்கறதைப் பொறுத்தது. 1999ல ஜெர்மனியில நாலாம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சுப் பாத்த ஒரு ஆய்வுல, வரிசையா உக்கார வச்சப்ப விட அரைவட்டமா உக்கார வச்சப்ப பிள்ளைங்க அதிகமா கேள்வி கேட்டாங்க. அதே நேரம் 2008ல வன்னார்கா, ரூல்னு ரெண்டு பேர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பாத்ததுல, தனித்தனியா கணக்குப் போடற மாதிரி வேலைக்கு வரிசைதான் நல்லா அமைஞ்சுதுன்னு வந்துச்சு. ரெண்டும் உண்மை, முரண்பாடு இல்ல. பேசணும்னா முகம் தெரியணும், தனியா யோசிக்கணும்னா எதிர்ல முகம் இருக்கக் கூடாது. அதனால ப-வா வரிசையான்னு சண்டை போடாம நகத்துற மாதிரி சாமான் வாங்குங்க. நாலு பேர் உக்கார்ற கனமான இரும்பு பெஞ்சு உங்க ரூம்ல இருந்தா அதை மாத்துறது ரெண்டாவது செலவு, ரெண்டு பேர் உக்கார்ற லேசான டெஸ்க், காலுக்கு ரப்பர் புஷ் போட்டது, இல்லன்னா இழுக்குற சத்தத்துல பக்கத்து கிளாஸ் சண்டைக்கு வரும். பசங்களுக்கு ஒரு வாரம் டிரில் கொடுத்தா ஒரு நிமிஷத்துல மாத்திடுவாங்க, அதுவே அவங்களுக்கு ஒரு விளையாட்டு. ஸ்டார் மாதிரி, பூ மாதிரி வர்ற அந்த கலர் டேபிள் வேணாம், ரெண்டு வருஷத்துல மூலை உடையும், வரிசையாப் போடவும் வராது.

சுவர் ஓவியம் பத்திக் கேட்டிருக்கீங்க, இதுல நான் கொஞ்சம் கறாரான ஆளு. 2014ல அமெரிக்காவுல கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரங்க அஞ்சு வயசுப் பிள்ளைங்க 24 பேரை வச்சு, ஒரே ரூமை சுவர் முழுக்க படம் ஒட்டியும் வெறும் சுவரா விட்டும் பாடம் எடுத்தாங்க. அலங்காரம் இருந்தப்ப பாடத்தை விட்டு கவனம் போன நேரம் 38 சதவீதத்துக்கு மேல, வெறும் சுவர்ல 28 சொச்சம். கத்துக்கிட்டதுலயும் வித்தியாசம், 42க்கு 55. சின்ன ஆய்வுதான், பிள்ளைங்களும் உங்க பிள்ளைங்களை விடச் சின்னவங்க, அதை வச்சு ஏழாம் வகுப்புக்கு சட்டம் போட முடியாது. ஆனா போர்டைச் சுத்தி இருக்கிற முன்சுவரைக் காலியா விடறதுல நஷ்டம் ஒண்ணும் இல்லையே. வரையணும்னா படம் வேணாம், கருவியா வரைங்க. பாலான்னு ஒரு முறை, கட்டடத்தையே பாடக்கருவி ஆக்குறது, கதவு திறக்கிற தரையில கோணமானி மாதிரி 30, 60, 90 டிகிரி கோடு, தூண்ல மீட்டர் அளவு, ஜன்னல் கம்பியில பின்னம். ஒரு பிள்ளை கதவைத் தள்ளுறப்பல்லாம் கோணம் அளக்கும். டோராவும் சோட்டா பீமும் சுவர்ல நின்னு என்ன சொல்லிக் கொடுக்கப் போறாங்க.

யாரும் கேக்காத செலவு ஒண்ணு இருக்கு, வெளிச்சம், காத்து, சத்தம். இங்கிலாந்துல சால்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 27 பள்ளி, 153 வகுப்பறை, 3,766 பிள்ளைங்களை எடுத்துப் பாத்து 2015ல வெளியிட்டாங்க, ஒரு வருஷத்துல பிள்ளைங்க முன்னேற்றத்துல இருந்த வித்தியாசத்துல 16 சதவீதத்தை வகுப்பறை அமைப்பை வச்சு விளக்க முடிஞ்சுது, அதுலயும் பாதி வெளிச்சம், வெப்பம், காத்துன்னு சாதாரண சமாச்சாரம்தான். குளிர் நாட்டுக் கணக்கு, நம்ம மே மாச வெயிலுக்கு அந்த நம்பர் அப்படியே பொருந்தாது, ஆனா மதியம் ரெண்டு மணிக்கு கான்கிரீட் கூரைக்குக் கீழ 38 பேர் உக்காந்தா தலை சாயாம என்ன செய்யும், அதுக்கு வீடியோ மேல பழி போட்டுப் பிரயோஜனமில்ல. மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடிங்க. ஸ்மார்ட் போர்டுக்கு எதிர்ல ஜன்னல் இருக்கான்னு பாருங்க, இருந்தா கண்ணாடி மாதிரி ஜன்னல்தான் தெரியும், படம் தெரியாது, நீங்களே பதினோரு மணிக்கு கடைசி பெஞ்சுல உக்காந்து படிச்சுப் பாத்தா விளங்கிடும். அப்புறம் ரூம் நடுவுல நின்னு ஒரு கைதட்டு தட்டுங்க, சத்தம் சுத்திச் சுத்தி வந்துதுன்னா போர்டோட ஸ்பீக்கர்ல வர்ற பேச்சுல பாதி வல்லினம் பின்னாடி போய்ச் சேராது. பின்சுவர்ல துணி ஒட்டின சாஃப்ட் போர்டு அடிச்சா எதிரொலி குறையும், பிள்ளைங்க எழுதினதை குத்தி வைக்கவும் ஆச்சு.

டேப்லெட்டுக்கு வருவோம், இதுலதான் காசு அதிகமா கரியாகுது. பெரு நாட்டுல பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகள்ல அளந்து பாத்தாங்க, கணக்குலயும் மொழியிலயும் முன்னேற்றம் ஒண்ணும் தெரியல. நம்ம குஜராத்துல லீ லிண்டன்னு ஒரு பொருளாதார அறிஞர் பாத்தது இன்னும் சுவாரசியம், அதே கம்ப்யூட்டர் புரோகிராம், டீச்சர் எடுக்கிற நேரத்தைப் பிடுங்கி அதுல ஓட்டினா பிள்ளைங்க பின்தங்கினாங்க, பள்ளி நேரத்துக்கு வெளியில கூடுதலா ஓட்டினா முன்னேறினாங்க. டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு மென்பொருள், பிள்ளை எந்த வகுப்புல இருக்குன்னு பாக்காம உண்மையில எந்த மட்டத்துல இருக்குன்னு பாத்து கேள்வி கொடுக்கும், சாயங்கால மையத்துல நாலரை மாசம் பயன்படுத்தின நடுநிலை வகுப்புப் பிள்ளைங்க கணக்குலயும் இந்தியிலயும் நல்லா ஏறினாங்க. ஆக கருவி கெட்டதுன்னு சொல்ல வரல, பிள்ளை நிக்கிற இடத்தைக் கண்டுபிடிச்சு அங்க இருந்து கையைப் பிடிச்சா உதவும், சும்மா கையில கொடுத்தா பாட்டரி தீரும் வரைக்கும் கேம்தான். ரெண்டு லட்சத்துக்கு 38 டேப்லெட் வாங்கினா மட்டமானதுதான் கிடைக்கும், மூணாவது வருஷம் பீரோவுல பூட்டி வச்சிருப்பீங்க. ஒரு பள்ளியில டப்பாவோட தூங்கின 20 டேப்லெட்டை நானே எண்ணி ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேன், தொலைஞ்சா யார் பொறுப்புங்கற பயத்துல எடுக்கவே இல்ல.

இருக்கிற ஸ்மார்ட் போர்டை என்ன பண்றதுன்னா, உங்க காட்சிப் பெட்டியா இருக்கறதை பிள்ளைங்க காட்சிப் பெட்டியா மாத்துங்க. உங்க போனை ஒரு ஸ்டாண்டுல கவுத்துக் கட்டி, கேமராவை போர்டுல வர வைங்க, ஒரு பையன் கணக்கு நோட்டை கீழ வைங்க. பின்னம் கூட்டுறப்ப அவன் மேலயும் மேலயும் கூட்டி, கீழயும் கீழயும் கூட்டி வச்சிருப்பான், "இது யாரோ ஒருத்தர் போட்டது, சரியா, ஏன்?"னு கேளுங்க, பேரைச் சொல்லாதீங்க. கிளாஸே நிமிந்து உக்காரும், ஏன்னா பாதிப் பேர் அதே தப்பைத்தான் பண்ணியிருப்பாங்க. ரெண்டாவது, ஃபெட்னு கொலராடோ பல்கலைக்கழகத்து சிமுலேஷன்கள் இலவசமா கிடைக்குது, சிலது தமிழ்லயும் இருக்கு, மின்சுற்று ஒண்ணைப் போட்டு, பல்பை இன்னும் ஒண்ணு சேத்தா வெளிச்சம் கூடுமா குறையுமான்னு முதல்ல நோட்டுல எழுத வச்சிட்டு அப்புறம் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இணைக்கச் சொல்லுங்க. எழுத வைக்காம காட்டினா அது மறுபடி சினிமாதான். மூணாவது பிளிக்கர்ஸ்னு ஒரு போன் ஆப், பிள்ளைக்கு ஒரு காகித அட்டை, எந்தப் பக்கம் மேல வருதோ அதுதான் ஏ, பி, சி, டி, நீங்க போனை ஒரு சுத்து காட்டினா 38 பேர் பதிலும் விழுந்துடும், அடுத்தவன் என்ன தூக்கினான்னு பக்கத்துல இருக்கறவனுக்குப் புரியாது. பிள்ளைக்கு கருவி வேணாம், உங்க ஒரு போன் போதும். கைதூக்குறவன் நாலு பேர்கிட்டயே கேள்வி கேட்டு கேட்டு கிளாஸ் புரிஞ்சுக்கிச்சுன்னு ஏமாறுற நம்ம பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

பிள்ளைங்களே டெக்னாலஜியை வச்சு ஒண்ணைச் செய்யறதுக்கு ஒரு உதாரணம் சொல்லிடறேன், நான் செஞ்சதுலயே எனக்குத் திருப்தியானது. தமிழ்நாட்டுல எல்லா ஊர்லயும் வருஷத்துக்கு ரெண்டு நாள் நண்பகல்ல நிழல் சரியா காலடியில விழுந்து காணாமப் போகும், ஏப்ரல்ல ஒண்ணு, ஆகஸ்ட்ல இல்லன்னா செப்டம்பர் ஆரம்பத்துல ஒண்ணு, ரெண்டாவது சென்னைக்கு ஆகஸ்ட் நடுவுல வரும், தெக்கே போகப் போகத் தள்ளி கன்னியாகுமரிக்கு செப்டம்பர் ஆரம்பம் ஆயிடும். ஏப்ரல்ல பரீட்சை, அதனால ஆகஸ்ட் ஒண்ணாந்தேதியே ஒரு பிவிசி குழாயை மைதானத்துல நட்டோம், பசங்க ரெண்டு ரெண்டு பேரா முறை வச்சு தினமும் 12 மணியைச் சுத்தி நிழலை அளந்து போன்ல ஒரே இடத்துல இருந்து போட்டோ எடுத்தாங்க, அந்தப் போட்டோக்களைக் கோத்து ஓட்டினா நிழல் நாளுக்கு நாள் சுருங்குது. மழை வந்த நாள் ஓட்டை. அதுல ஒரு பொண்ணு, கிளாஸ்ல வாயே திறக்காத பொண்ணு, "சார் அந்த நாள் தாண்டினா நிழல் எந்தப் பக்கம் விழும்?"னு கேட்டா. அதுவரைக்கும் தெக்குப் பக்கம் விழுந்துட்டு இருந்துது. நான் பதில் சொல்லல, பந்தயம் வச்சோம், செப்டம்பர் முதல் வாரம் வடக்குப் பக்கம் திரும்பினதும் மைதானத்துல அப்படி ஒரு கூச்சல். எச்.எம். என்னமோ அடிதடின்னு ஓடி வந்தார். இதை கன்ட்ரோல் குரூப் வச்சு, அதாவது இதைச் செய்யாத இன்னொரு கூட்டத்தோட ஒப்பிட்டு, நான் அளக்கல, மார்க் கூடுச்சான்னு சொல்ல என்கிட்ட கணக்கு இல்ல, அடுத்த வருஷம் எட்டாம் வகுப்புல அந்தப் பசங்க பூமியோட சாய்வை படம் போட்டு விளக்கினதை நான் பாத்தேன், அவ்வளவுதான் சாட்சி.

அதனால எச்.எம்.கிட்ட இப்படிச் சொல்லுங்க, முதல்ல சுவர்ப் பலகை, அடுத்து லேசான டெஸ்க், அப்புறம் கூரை பெயின்ட், பின்சுவர் சாஃப்ட் போர்டு, ஒரு போன் ஸ்டாண்ட். மிச்சமிருந்தா மின்விசிறியை மாத்துங்க, கிறீச்சிடற விசிறிக்குக் கீழ எந்த டெக்னாலஜியும் நிக்காது. முன்னாள் மாணவர்கள் திறப்பு விழா போட்டோவுக்கு ஏதாவது பளிச்சுன்னு வேணும்னு கேப்பாங்க, கேக்காம இருக்க மாட்டாங்க, கதவுக்கிட்ட அந்தக் கோணமானியை நல்ல மஞ்சள் கலர்ல பெருசா போட்டுக் கொடுத்துடுங்க. கதவும் ஜன்னலும் எந்தப் பக்கம்னு நீங்க எழுதல, ரூமோட படம் ஒண்ணு கையால வரைஞ்சு பதில்ல போடுங்க, போர்டு எந்தச் சுவர்னும் குறிங்க, டெஸ்க் எப்படி எப்படி மாத்திப் போடலாம்னு நான் வரைஞ்சு தர்றேன்.